வைக்கோலும் விளைச்சல்தான்

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை பெரியாற்றுக் கால்வாயின் நீரை நம்பியிருக்கும் 45,041 ஏக்கர் இருபோக நிலத்திலும், அதற்கப்பால் மேலூர், திருமங்கலம் பக்கத்து ஒருபோக வயல்களிலும், இன்று நெல்லை அறுப்பது பெரும்பாலும் யந்திரமே. ஆள் கிடைப்பது அரிதாகி, கூலியும் ஏறிவிட்ட காலத்தில் அதைக் குறை கூறுவது நியாயமாகாது. ஆனால், மணிக்கு என்ன வாடகை, நெல் எவ்வளவு சிந்தும் என்றெல்லாம் விசாரித்து யந்திரத்தை அமர்த்துகிற நாம், நெல்லின் எடைக்கு ஏறத்தாழ ஈடாக அதே வயலில் விளைந்து நிற்கும் வைக்கோல் என்ன கதியாகும் என்று கேட்பதில்லை. வைக்கோலும் விளைச்சல்தான் என்பதை மனத்திற் கொண்டே யந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்ததைக் கண்ணுங் கருத்துமாகப் பேணவும் வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

கருக்கரிவாளால் தூரை ஒட்டி அறுத்து, களத்தில் அடித்து, படப்பாக வேய்ந்து வைத்த நாட்களில், தாள் முழு நீளத்தில் கிடைத்தது. மேலே விழுந்த மழையும் உள்ளே இறங்காமல் சரிந்து ஓடிற்று. யந்திரத்திலோ, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஓட்டுநர் வெட்டும் பாகத்தைச் சற்றே உயர்த்திவிட்டால், முழங்கால் உயரத் தாள் வயலிலேயே நின்றுபோய், மாட்டின் வாய்க்குப் போகவேண்டியது மறு உழவில் மண்ணுக்குள் போகிறது. ஆகவே, கொஞ்சம் நேரம் கூடினாலும் தாழ்த்தி அறுக்கவேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது அவசியம். ஜூன் மாதத்தில் நீர் திறக்கும் வருஷங்களில், முதல் போக அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்து நிற்கும். அப்போது சேற்றில் புதையாத பெல்ட் வண்டியே உசிதம். தைக்குப் பின் காய்ந்து கிடக்கும் ஒருபோக வயலுக்கு, வாடகை குறைந்த டயர் வண்டி போதும். அதன் சக்கரங்கள் வைக்கோல் வரிசையின்மேல் ஏறி மிதிக்காதபடி பார்த்துக்கொண்டால் சரி.

அடுத்து வருவது, டிராக்டரின் பின்னே பூட்டி ஓட்டும் வைக்கோல் கட்டும் யந்திரம். அதை வாங்குகிறவர் தம் டிராக்டரின் குதிரைத் திறன் அதை இழுத்துச் சுழற்றப் போதுமா என்றும், உதிரிப் பாகங்கள் எத்தனை தூரத்தில் கிடைக்கும் என்றும் தெரிந்துகொண்ட பின்னரே விலையைப் பேசவேண்டும். எவ்வளவு நல்ல யந்திரமானாலும் ஈர வைக்கோலை அது உலர்த்தித் தராது. சோழவந்தான் பக்கத்தில் ஒரு வயலில், அறுத்த மறுநாளே சுருட்டிய கட்டு ஒன்றை மூன்றாம் நாள் பிரித்தார்கள். வெளியே பொன்னிறமாக இருந்த அதன் நடுவில் கையை நுழைத்தபோது, சுடுசோற்றுப் பானையைத் தொட்டாற்போல் வெம்மை தெரிந்தது. புளித்த வாடையும் எழுந்தது. நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரமிருக்கும்போது கட்டினால், பூஞ்சை பிடித்துத் தீவனம் பாழாவதோடு, உட்சூடு முற்றித் தானாகத் தீப்பற்றவும் இடமுண்டு. கட்டிய பிளாஸ்டிக் நூலை அறுத்து முழுதும் நீக்கிய பிறகே தொட்டியில் போடவேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாட்டின் இரைப்பையில் தங்கிவிட்ட நூல் செரிக்காது, கரையாது.

பேணுவது பெரிய வித்தை அன்று. ஒழுங்கு ஒன்றே வேண்டும். அறுக்கும் யந்திரத்தின் முக்கோணக் கத்திகளில் ஒன்று மழுங்கினாலும், அது தாளை வெட்டாமல் இழுக்கும். இழுத்த கதிர் மணியை உதிர்க்கும். கட்டும் யந்திரத்தில் வைக்கோலை வாரும் கம்பிகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும், பேரிங்குகளுக்குக் கிரீஸ் வைப்பதும், செயினின் தொய்வைச் சரி செய்வதும், காலையில் அரை மணி நேர வேலை. எதைத் தொடுவதானாலும் டிராக்டரை நிறுத்திய பிறகே தொடவேண்டும். ஓடும் யந்திரத்தில் சிக்கிய வைக்கோலைக் கையால் இழுப்பது உயிரோடு விளையாடுவதாகும். பருவம் முடிந்ததும் தூசியும் தாளும் போகத் துடைத்து, எண்ணெய் பூசிக் கூரையின் கீழ் நிறுத்தாதவர், அடுத்த பருவத்தில் துருவுக்கு வாடகை கொடுக்க நேரும்.

2014-15இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில், சிறு, குறு விவசாயிகளுக்கு விலையில் பாதி வரை மானியம் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையும் யந்திரங்களைக் குறைந்த வாடகைக்குத் தருகிறது. இவை போற்றத்தக்கவை. ஆனால் வாங்குவதற்குக் காட்டும் உற்சாகத்தில் பாதியாவது பேணுவதற்குக் காட்டப்படவேண்டும். ஒவ்வோர் ஒன்றியத்திலும் அறுவடைக்கு முன்னரே கத்தி தீட்டி, பேரிங் மாற்றித் தரும் பட்டறை ஒன்றும், அதில் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் இருவரும் இருந்தால், பத்துப் பேர் கூடி வாங்கிய ஒரு யந்திரம் பத்துப் பேருக்கும் பல வருஷம் உழைக்கும். மானியத்தோடு பட்டறையையும் சேர்த்தே அரசு திட்டமிடவேண்டும். பங்குனி, சித்திரையில் புல் காய்ந்துபோன நாளில், தொழுவத்தில் நிற்கும் பசுவுக்கு முன்னால் பூஞ்சையில்லாத ஒரு பிடி வைக்கோலைப் போட முடிகிறதா என்பதுதான், நாம் வாங்கிய யந்திரம் தகுந்ததா என்பதற்கு உரைகல்.