நடுவில் ஒரு கோப்பை

பசியில்லாதவனுக்கு இன்னொரு பலகாரம் செய்து போடுவது வைத்தியம் ஆகாது. அமெரிக்காவில் கூடைப்பந்தைத் தொழிலாக நடத்தும் பெரிய மனிதர்களுக்கு இந்தச் சின்ன விஷயம் இன்னும் பிடிபடவில்லை.

என்.பி.ஏ. என்ற பெயரில் உலகமெல்லாம் பிரசித்தமான அந்த லீக்கில் 30 அணிகள். அக்டோபரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை ஒவ்வோர் அணியும் 82 ஆட்டம் ஆடுகிறது. கூட்டிப் பார்த்தால் 1,230 ஆட்டங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பட்டத்துக்கான நிஜமான போட்டி தொடங்குகிறது. ஆகவே நவம்பரிலும் டிசம்பரிலும் நடப்பதில் யாருக்கும் சிரத்தை இல்லை என்பது பழைய புகார். அதற்கு மருந்தாக 2023-ல் பருவத்தின் நடுவே ஒரு கோப்பைப் போட்டியைப் புகுத்தினார்கள். அடுத்த வருஷமே ஒரு விமானக் கம்பெனியின் பெயரைச் சூட்டி அதை எமிரேட்ஸ் என்.பி.ஏ. கோப்பை ஆக்கினார்கள்.

இது வேண்டுமா வேண்டாமா என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறார்கள். ஒரு கட்சி, சம்பிரதாயம் கெட்டது என்கிறது. மற்றது, புதுமை வந்தது என்கிறது. இரண்டு பேருமே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பது என் கட்சி. ஆட்டங்களைக் குறைக்க மனம் இல்லாதவர்களுக்குக் கோப்பையைக் கூட்ட உரிமை இல்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

கோப்பைக்காகப் பரிந்து பேசுகிறவர்களிடம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 9-ந் தேதி லாஸ் வேகாஸில் நடந்த முதல் இறுதியாட்டத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி இந்தியானா பேஸர்ஸை 123-109 என்று வென்றது. அந்தோணி டேவிஸ் 41 புள்ளிகள் எடுத்தார். 20 தடவை, கூடையில் விழாமல் எகிறிய பந்தைக் கைப்பற்றினார். டிசம்பர் மாதத்து அசட்டை அந்த ஆட்டத்தில் மருந்துக்கும் இல்லை. வென்ற அணியில் தலைக்கு 5 லட்சம் டாலர் பரிசு. அந்தப் பருவத்தில் 4 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் வாங்கிய லெப்ரான் ஜேம்ஸுக்கு அது கைச்செலவு. பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கோ அது பாதி வருஷத்துச் சம்பளம். அவனுக்காகவாவது ஓடுவோம் என்று பெரியவர்களும் ஓடினால், அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

ஆனால் இதிலிருந்து தெரிவது என்ன? டிசம்பரிலும் இவர்களால் உயிரைக் கொடுத்து ஆட முடியும் என்பது தெரிகிறது. கோப்பைக்கான ஆட்டங்கள் மொத்தம் 67. அவற்றில் இறுதியாட்டம் தவிர மற்ற 66-ம் அந்த 1,230-க்குள்ளேயே அடக்கம். அப்படியானால் மிச்சமுள்ள 1,164 ஆட்டங்கள் எதற்காக நடக்கின்றன? அறுபத்தாறுக்கு வர்ணம் பூசி, 'இவை முக்கியமானவை, பார்க்க வாருங்கள்' என்று கூவுகிற கடைக்காரர், மற்றச் சரக்கைப் பற்றித் தம் வாயாலேயே ஒரு சாட்சி சொல்லிவிடுகிறார். தரையில்கூட வேறு வர்ணம் பூசித்தான் ஆடுகிறார்கள். அந்த வர்ணம் இல்லாவிட்டால் எது கோப்பை ஆட்டம், எது சாதாரண ஆட்டம் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரே ஆட்டத்தை இரண்டு கணக்கில் எழுதுவதால் வரும் வினையையும் பார்த்தோம். 2023 நவம்பர் 28-ந் தேதி பாஸ்டன் செல்டிக்ஸ் அணி சிகாகோ புல்ஸைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது. வித்தியாசம் முப்பது புள்ளி அளவில். சாதாரண நாளாக இருந்தால், ஜெயித்தவன் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக ஆட்டத்தை முடித்துவைப்பான். கோப்பைக் கணக்கிலோ புள்ளி வித்தியாசம் எண்ணப்படுகிறது. ஆகவே பாஸ்டன் பயிற்சியாளர் ஜோ மஸூல்லா, ஃப்ரீ த்ரோ எறிவதில் பலவீனரான ஆண்ட்ரே டிரம்மண்டை வேண்டுமென்றே ஃபவுல் செய்ய வைத்தார். பாஸ்டன் 124-97 என்று வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. மஸூல்லாவைக் குறை சொல்வதில் பிரயோஜனம் இல்லை. விதி எழுதினவன் கேட்டதைத்தான் அவர் செய்தார். ஒரு கணக்கில் மரியாதை, இன்னொரு கணக்கில் மூடத்தனம் என்று ஆக்கி வைத்தால் மனிதன் என்னதான் செய்வான்?

'ஐரோப்பாவைப் பாருங்கள், அங்கே கோப்பையும் லீக்கும் கூடவே நடக்கவில்லையா?' என்பார்கள். பார்க்கலாம். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை 1871-72-ல் பிறந்தது. கால்பந்து லீக் 1888-ல்தான் வந்தது. அண்ணன் முன்னால் பிறந்தான், தம்பி பின்னால் வந்தான். இரண்டு பேருக்கும் தனித்தனி வீடு. அந்தக் கோப்பையில் தோற்றவன் அன்றே வெளியே. லீக்கிலேயே இடமில்லாத லிங்கன் சிட்டி அணி, 2017 பிப்ரவரியில் முதல் டிவிஷன் அணியான பர்ன்லியை அதன் சொந்த மைதானத்திலேயே வென்றதே, அதுதான் கோப்பையின் ரகசியம். சின்னவன் பெரியவனைச் சந்திக்க வேறு வழி இல்லை. என்.பி.ஏ.யில் சின்னவன் எங்கே? எப்படியும் சந்திக்கப் போகிற அதே 30 பேர்தான் இதிலும் சந்திக்கிறார்கள்.

கூடைப்பந்திலேயே உதாரணம் வேண்டுமென்றால் ஸ்பெயின் இருக்கிறது. அங்கே 18 அணிகள், 34 சுற்றுகள். பருவத்தின் முதல் பாதியில் முன்னணியில் நின்ற எட்டு அணிகள் பிப்ரவரியில் ஒரே ஊரில் கூடி, நாலே நாளில் ராஜாவின் கோப்பைக்காக ஆடுகின்றன. லீக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எட்டு அணிகளின் ரசிகர்களும் அந்த ஊரில் வந்து குவிகிறார்கள். 34 ஆட்டம் ஆடுகிறவனுக்கு ஒரு திருவிழா வைக்கத் தெம்பு இருக்கிறது. 82 ஆட்டம் ஆடுகிறவன் திருவிழாவையும் அன்றாடச் சமையலோடு ஒரே அடுப்பில் ஏற்றுகிறான்.

தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். நாற்பது வாரம் ஓட வேண்டும் என்று பத்திரிகை கேட்கும். கதையோ இருபத்தைந்து வாரத்துக்குத்தான் வரும். பதினெட்டாவது வாரம் கதை தொய்கிறது என்று கடிதங்கள் வந்தால் உடனே ஒரு கொலையோ நெருப்போ வைக்கச் சொல்வார்கள். வைத்தால் அந்த வாரம் பத்திரிகை விற்கும். பத்தொன்பதாவது வாரம் கதை மறுபடி தொய்யும், முன்னைவிட அதிகமாக. நேர்மையான வைத்தியம் ஒன்றுதான்: அத்தியாயங்களைக் குறைப்பது.

82 என்பது வேதவாக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். 1950-களில் பல வருஷம் 72 ஆட்டங்கள்தான். ஏறி ஏறி 1967-68-ல் 82 ஆயிற்று. அதற்குப் பிறகும் சம்பளத் தகராறால் 1998-99-ல் 50, 2011-12-ல் 66, தொற்றுநோயால் 2020-21-ல் 72 என்று நடந்தது. 2021-ல் மில்வாக்கி பக்ஸ் வென்ற பட்டத்தை, பத்து ஆட்டம் குறைவு என்று யாராவது தராசில் போட்டார்களா? அது மட்டுமா? பெரிய விருதுகளுக்குத் தகுதி பெற 65 ஆட்டம் ஆடினால் போதும் என்று 2023-24-ல் லீக்கே விதி செய்தது. பதினேழு ஆட்டம் வராமல் இருந்தாலும் பாதகமில்லை என்று கணக்குப்பிள்ளையே ஒப்புக்கொண்ட பிறகு, 82-க்கு ஏது புனிதம்?

தடை பணம்தான். பத்து ஆட்டம் குறைந்தால் ஒவ்வோர் ஊருக்கும் ஐந்து ஆட்டத்தின் டிக்கெட் வசூல் போகும். வருமானத்தில் ஏறக்குறையப் பாதி ஆட்டக்காரர்களுக்குப் போவதால் அவர்களும் வாய் திறப்பதில்லை. நஷ்டம் நிஜம், மறுக்கவில்லை. ஆனால் 2024-ல் 11 வருஷத்துக்குச் சுமார் 7,600 கோடி டாலருக்கு டெலிவிஷன் ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள், அந்த ஐந்து நாள் வசூலைக் காட்டி அழுவது பார்க்கச் சகிக்கவில்லை.

இந்த விவகாரத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒருவன் இருக்கிறான். கிழக்குக் கரை ஊரில், மகனைக் கூட்டிக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆட்டம் பார்க்கப் போகிற சம்பளக்காரன். மேற்குப் பிரிவு அணி அவன் ஊருக்கு வருஷத்தில் ஒரே முறைதான் வருகிறது. அன்றைக்குப் பார்த்து, பையன் ஆசைப்பட்ட ஆட்டக்காரர் கோட்டு மாட்டிக்கொண்டு ஓய்வில் உட்கார்ந்திருப்பார். 2012-ல் சான் ஆன்டோனியோ அணி தன் முக்கிய ஆட்டக்காரர்களை ஓய்வுக்கு வீட்டுக்கு அனுப்பியது என்று லீக் 2,50,000 டாலர் அபராதம் போட்டது. களைத்த மனிதனுக்கு அபராதம் போட்டார்களே தவிர, களைக்க வைத்த அட்டவணையை யாரும் தண்டிக்கவில்லை.

2025 டிசம்பரில் கோப்பையை நியூயார்க் நிக்ஸ் வென்றது. 1973-க்குப் பிறகு அன்று வரை பட்டம் காணாத அணி. அந்த அணியே, இந்த வெற்றிக்காக அரங்கின் கூரையில் கொடி தொங்கவிடப் போவதில்லை என்று தீர்மானித்தது. 52 வருஷம் தாகத்தில் இருந்தவன், கொடுத்த தண்ணீரைத் தண்ணீர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. இதற்கு மேல் நான் என்ன வாதாடுவது?

பத்து ஆட்டங்களை எடுத்துவிடுங்கள். அந்த மூன்று வாரத்தைக் கோப்பைக்கே கொடுங்கள். தோற்றவன் ஊர் திரும்பட்டும். அப்போது கொடி தொங்கவிடலாமா என்று யாரும் கூட்டம் போட்டு யோசிக்க மாட்டார்கள்.