துப்பாக்கி வியாபாரமும் அமெரிக்க நாடாளுமன்றமும்

2013 ஏப்ரல் 17 அன்று அமெரிக்க செனட் சபையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் இணையத்தின் வழியாகவும் ஆயுதம் வாங்குவோரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்பதே சபையின் முன் இருந்த திருத்தம். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான், கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் நகரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்த இளைஞன் ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றிருந்தான். குழந்தைகள் அனைவரும் ஆறு, ஏழு வயதினர். பின்னணிச் சரிபார்ப்பை நாட்டு மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆதரிப்பதாகக் கருத்துக் கணிப்புகள் கூறின. துப்பாக்கி வைத்திருப்போரிலும் பெரும்பான்மையினர் ஆதரித்தனர். திருத்தத்துக்கு ஆதரவாக 54 வாக்குகள், எதிராக 46 வாக்குகள். திருத்தம் தோற்றது. விவாதத்தை முடித்து வைக்க 60 வாக்குகள் வேண்டும் என்ற செனட்டின் நடைமுறை விதி, பெரும்பான்மையைச் சிறுபான்மையாக்கியது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஜனநாயகக் கட்சியினரும் இருந்தனர்.

இத்தகைய தோல்விகளுக்கு முதலாளித்துவ ஊடகங்கள் தரும் விளக்கம் ‘துப்பாக்கிக் கலாச்சாரம்’ என்பதாகும். குடியேறிகள், குதிரை வீரர்கள், ஆயுதம் தாங்கும் உரிமையைப் பேசும் அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் என்று அந்த விளக்கம் நீண்டு, அமெரிக்கர்களின் ரத்தத்திலேயே துப்பாக்கி கலந்திருக்கிறது என்பதில் போய் முடியும். பழியை மக்களின் குணத்தின் மீது போட்டுவிட்டால் முதலாளிகளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை அல்லவா! வரலாறோ வேறொன்றைக் காட்டுகிறது.

துப்பாக்கி லாபியின் முகமாக அறியப்படும் தேசிய ரைஃபிள் சங்கம் 1871இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையினருக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியவில்லை என்று கவலைப்பட்ட இரண்டு அதிகாரிகள் அதைத் தொடங்கினர். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அது பெரும்பாலும் சுடும் பயிற்சிக்கும் வேட்டைக்குமான சங்கமாகவே இருந்தது. 1934இல் இயந்திரத் துப்பாக்கிகள் மீதான கட்டுப்பாட்டுச் சட்டம் விவாதிக்கப்பட்டபோது, ஆயுதத்துடன் திரிவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும், உரிமம் பெற்றவரை மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்று சங்கத்தின் தலைவரே நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். கென்னடியைக் கொன்ற ரைஃபிள், இந்தச் சங்கத்தின் பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் வாங்கப்பட்டது. அதன் பிறகு தபால் விற்பனைத் தடை பற்றிய பேச்சு வந்தபோதும் சங்கத்தின் நிர்வாகத் தலைவர் அதற்கு ஆதரவாகவே பேசினார்.

1967இல் நடந்தது இன்னும் கவனத்துக்குரியது. ஓக்லண்ட் நகரில் கருப்பின மக்கள் மீதான போலீஸ் அடக்குமுறையை எதிர்த்து, கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திப் போலீஸ் வாகனங்களைப் பின்தொடர்ந்து கண்காணித்தனர். அன்றைய கலிபோர்னியா சட்டப்படி அது குற்றமல்ல. உடனே சட்டம் மாற்றப்பட்டது. குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடை செய்யும் மசோதாவில் ஆளுநர் ரொனால்டு ரீகன் கையெழுத்திட்டார். தேசிய ரைஃபிள் சங்கம் அந்தத் தடையை ஆதரித்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தச் சங்கம் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக ஜனாதிபதி வேட்பாளர் ஒருவரை ஆதரித்தது. அந்த வேட்பாளரும் இதே ரீகன்தான்.

இடையில் சங்கம் கைமாறியிருந்தது. 1977இல் சின்சினாட்டி நகரில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், வேட்டை, இயற்கைப் பாதுகாப்பு என்று ஒதுங்க விரும்பிய பழைய தலைமையைத் தீவிர வலதுசாரிகள் ஒரே இரவில் தூக்கியெறிந்தனர். புதிய தலைவர் ஹார்லன் கார்ட்டர். 1954இல் மெக்சிகோ தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாக நாடு கடத்திய எல்லைக் காவல் படையின் தலைமை அதிகாரி. பதின்பருவத்தில் மெக்சிகோ வம்சாவளிச் சிறுவன் ஒருவனைச் சுட்டுக் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுபட்டவர். ‘எந்தக் கட்டுப்பாடும் கூடாது’ என்பது அதன் பின்னரே சங்கத்தின் கொள்கையாயிற்று.

இந்தக் கொள்கை துப்பாக்கி உற்பத்தியாளர்களுக்கு மிகவும் தேவைப்பட்டது. நன்றாகப் பராமரித்தால் ஒரு துப்பாக்கி மூன்று தலைமுறைக்கு உழைக்கும். வேட்டைக்குச் செல்வோரின் தொகையோ குறைந்து கொண்டே வந்தது. ஆகவே சரக்கை விற்க வேறொரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் அச்சம். திருடன் வருவான், குடியேறி வருவான், கடைசியில் அரசாங்கமே வந்து துப்பாக்கியைப் பறிக்கும் என்ற அச்சம். ஒபாமா வெற்றி பெற்றபோதும், ஒவ்வொரு படுகொலைக்குப் பின் கட்டுப்பாடு பற்றிய பேச்சு எழுந்தபோதும் விற்பனை எகிறியது. ‘நம்மவர்’ டிரம்ப் வெள்ளை மாளிகைக்குள் வந்ததும் அச்சம் தணிந்து விற்பனை சரிந்தது. இருநூறு ஆண்டுப் பழமை வாய்ந்த ரெமிங்டன் நிறுவனம் 2018இல் திவால் மனு கொடுத்தது. ருகர் நிறுவனம் 2011 – 12இல் விற்ற ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு டாலர் வீதம் 10 லட்சம் டாலருக்கு மேல் ரைஃபிள் சங்கத்துக்குக் கொடுத்தது. சங்கத்தின் பிரச்சாரம் முதலாளிக்கு விளம்பரம். முதலாளியின் லாபம் சங்கத்துக்கு நிதி.

நிதி மூலதனத்தின் விசித்திரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாண்டி ஹூக்கில் பயன்படுத்தப்பட்ட புஷ்மாஸ்டர் ரைஃபிளைத் தயாரித்த நிறுவனம், செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. செர்பரஸின் நிதியங்களில் கலிபோர்னியா ஆசிரியர்களின் ஓய்வூதியப் பணமும் போடப்பட்டிருந்தது. வகுப்பறையில் குழந்தைகளைக் காக்க முயன்று ஆசிரியர்கள் உயிரிழந்தார்கள். அதே ரைஃபிளின் விற்பனையில் வேறு மாநில ஆசிரியர்களின் முதுமைக்கால வருமானம், அவர்களுக்கே தெரியாமல் தங்கியிருந்தது.

லாபியின் பலம் பணத்தில் மட்டும் இருப்பதாக நினைப்பது பாதி உண்மைதான். 2016இல் டிரம்பை வெற்றி பெறச் செய்ய ரைஃபிள் சங்கம் 3 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது உண்மை. எனினும் ஒரு சாதாரண உறுப்பினருக்கு அது நேரடியாகத் தரும் நன்கொடை சில ஆயிரம் டாலர்தான். அவரை நடுங்க வைப்பது சங்கம் போடும் மதிப்பெண். பள்ளிக்கூட அறிக்கை போல, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை தரம் போட்டு, தன் உறுப்பினர்களின் வீடுகளுக்கு அது அனுப்பி வைக்கிறது. பின்னணிச் சரிபார்ப்பை ஆதரிக்கும் தொண்ணூறு சதவீதத்தினர் வேலை, மருத்துவம், வாடகை என்று பலவற்றைக் கருதி வாக்களிக்கிறார்கள். எதிர்க்கும் சிறு பகுதியினர் இந்த ஒன்றுக்காகவே வாக்களிக்கிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள், கட்சியின் உள்தேர்தலில் வரிசையில் நிற்கிறார்கள். அமைப்பாகத் திரண்ட சிறுபான்மை, திரளாத பெரும்பான்மையை எப்படி வெல்லும் என்பதை அமைப்பு வேலையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆறு லட்சம் பேர் கூட இல்லாத வயோமிங்குக்கும் ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் தலா இரண்டு செனட்டர்கள் என்ற ஏற்பாடு மீதியைக் கவனித்துக் கொள்கிறது.

மசோதாக்களைத் தோற்கடிப்பது லாபியின் வேலையில் வெளியே தெரியும் பகுதி. பெரிய வெற்றிகளை அது ஓசையின்றிப் பெற்றது. 1996இல் ஒரு நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரே வாக்கியம் நுழைக்கப்பட்டது: நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் நிதியைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாகப் பயன்படுத்தக் கூடாது. கூடவே, முந்தைய ஆண்டு துப்பாக்கிக் காயங்கள் பற்றிய ஆய்வுக்குச் செலவான 26 லட்சம் டாலர் மையத்தின் நிதியிலிருந்து துல்லியமாக வெட்டப்பட்டது. ஆய்வு செய்யக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, ஆய்வாளர்கள் புரிந்துகொண்டார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் துறையே வறண்டு போனது. வாக்கியத்தைக் கொண்டு வந்த ஜே டிக்கி என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். மீண்டும் நிதி ஒதுக்கப்பட்டது 2020ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில்தான். குழந்தைகளும் பதின்பருவத்தினரும் இறப்பதற்கான முதற்காரணமாகத் துப்பாக்கி, சாலை விபத்துகளை முந்தியதும் அதே 2020இல்தான்.

மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது. கொலை நடந்த இடத்தில் கிடைக்கும் துப்பாக்கியை யார் வாங்கினார் என்று கண்டுபிடிப்பது அதன் பணி. உரிமையாளர் பதிவேடு உருவாக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனால் மூடப்பட்ட கடைகளின் விற்பனை ஆவணங்களை வாங்குபவரின் பெயரைத் தட்டித் தேடும்படி கணினியில் ஏற்ற முடியாது. பெட்டி பெட்டியாக வந்து குவியும் காகிதங்களைப் படமெடுத்து, ஊழியர்கள் கண்ணால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறார்கள். செல்பேசியில் உலகையே வேவு பார்க்கும் வல்லரசின் நிலை இது! கண்டுபிடித்த விவரங்களை வெளியே பகிர்வதற்கும் 2003இல் தடைகள் வந்தன. அந்தத் துறையின் இயக்குநரை செனட் ஒப்புதலோடுதான் நியமிக்க வேண்டும் என்ற விதி 2006இல் வந்த பின், 2022 வரை ஒரே ஒருவருக்குத்தான் ஒப்புதல் கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் சிகரம் 2005ஆம் ஆண்டின் சட்டம். துப்பாக்கி குற்றத்துக்குப் பயன்படுத்தப்பட்டால் அதற்காகத் தயாரிப்பாளர் மீதோ விற்பனையாளர் மீதோ நஷ்டஈட்டு வழக்குத் தொடர முடியாது என்பதே, சில விலக்குகள் தவிர்த்து, அதன் சாரம். கார், மருந்து, பொம்மை எதற்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

அமெரிக்க இடதுசாரிகளில் ஒரு பகுதியினர் எழுப்பும் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. தொழிலாளர்களின் ஆயுதங்களைப் பறிக்கும் முயற்சியை முறியடிக்க வேண்டும் என்று 1850இல் மார்க்சும் எங்கெல்சும் கம்யூனிஸ்ட் லீகுக்கு எழுதிய அறைகூவலை அவர்கள் நினைவூட்டுகிறார்கள். ஆயுதச் சட்டங்கள் கருப்பின மக்கள் மீதே முதலில் பாயும் என்பதற்கு 1967 சாட்சி. ஆனால் 1850இன் அறைகூவல் பேசியது, தானே தேர்ந்தெடுத்த தளபதிகளின் கீழ் அமைப்பாகத் திரளும் பாட்டாளி வர்க்கப் படையைப் பற்றி. கடையில் தனித்தனியே வாங்கி அலமாரியில் வைத்துக் கொள்ளும் சரக்கைப் பற்றி அல்ல. அமெரிக்க மக்களிடம் இன்று 39 கோடிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் உள்ளன. தொழிற்சங்கங்களோ நாளுக்கு நாள் மெலிந்து வருகின்றன. ஆண்டுதோறும் துப்பாக்கியால் இறக்கும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பாதிக்கு மேல் தற்கொலை செய்துகொண்டவர்கள். அந்த ஆயுதம் திரும்பி நிற்பது எந்த வர்க்கத்தை நோக்கி என்பதை இக்கணக்கே காட்டும். 2016இல் மினசோட்டாவில் உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருந்த கருப்பின இளைஞர் ஃபிலாண்டோ காஸ்டிலை, அவர் அதைத் தானே தெரிவித்த பின்னும் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். ஆயுத உரிமைக்காக விண்ணதிர முழங்கும் ரைஃபிள் சங்கம், அந்த உரிமையாளருக்காகக் குரல் எழுப்பவில்லை.

இன்று அந்தச் சங்கம் தேய்ந்து கிடக்கிறது. முப்பதாண்டுகளுக்கும் மேலாக அதை ஆண்ட வெய்ன் லாபியர், சங்கப் பணத்தில் சொகுசு வாழ்க்கை நடத்திய வழக்கில் 2024 ஜனவரியில் பதவி விலகினார். அடுத்த மாதமே நியூயார்க் நடுவர் குழு, அவர் சங்கத்துக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தர வேண்டும் என்றது. தாராளவாதப் பத்திரிகைகள் இதைத் துப்பாக்கி லாபியின் முடிவாகக் கொண்டாடின. அதற்குள் வாஷிங்டனில் லாபிக்காக அதிகம் செலவிடும் இடத்தை, உற்பத்தியாளர்களின் சொந்த அமைப்பான தேசிய சுடும் விளையாட்டு அறக்கட்டளை பிடித்துவிட்டது. பல ஆண்டுகள் அதன் தலைமையகம் இருந்த ஊர், அதே நியூடவுன்.

தன் மண்ணில் ரத்தம் சிந்த வைக்கும் ஆயுதங்கள் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து கடத்தப்பட்டு வருகின்றன என்று மெக்சிகோ அரசு 2021இல் ஸ்மித் அண்ட் வெசன் உள்ளிட்ட நிறுவனங்கள் மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தனர். தீர்ப்பை எழுதியவர் ஒபாமாவால் நியமிக்கப்பட்ட நீதிபதி எலினா கேகன்.