முதுமையா, நோயா?

முப்பது வருஷம் விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு நடந்த கால்கள் லயத்து வாசற்படியைத் தாண்டத் தயங்குகின்றன. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் இழுபடுகிறது. திரும்பி நிற்க ஏழெட்டுச் சிற்றடி வேண்டியிருக்கிறது. சில மாதங்களில், கக்கூசுக்குப் போய்ச் சேருமுன் சிறுநீர் போய்விடுகிறது. பிறகு மறதி. "கிழவருக்கு வயதாகிவிட்டது" என்கிறோம். அப்படிச் சொல்லியே நமது தோட்டத்தில் ஒரு பெரியவரை இரண்டு வருஷம் திண்ணையில் உட்கார வைத்துவிட்டோம். சொன்னவர்களில் இதை எழுதும் கிராணியும் ஒருவன்.

நடை, சிறுநீர், நினைவு ஆகிய மூன்றும் இவ்வாறு கெட்டால் அது மூளைக்குள் நீர் தேங்கும் வியாதியாகவும் இருக்கலாம். டாக்டர்கள் இதை நார்மல் பிரஷர் ஹைட்ரோகெபலஸ் என்கிறார்கள். மூளையில் நாள்தோறும் சுமார் அரை லிட்டர் தெளிந்த நீர் ஊறி, இரத்தத்தில் வடிந்துபோக வேண்டும். வடிகால் மந்தமானால் மூளையின் உள்ளறைகள் விரிகின்றன. ஆனால் நீரின் அழுத்தத்தை அளந்தால் பெரும்பாலும் சாதாரணமாகவே காணும். கொலம்பியா நாட்டு டாக்டர் சலமோன் ஹக்கீமும் அமெரிக்க டாக்டர் ரேமண்ட் ஆடம்ஸும் சகாக்களுடன் 1965-ல் இதை விளக்கி எழுதினர். தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் மெல்லிய குழாய் வைத்து நீரை வடிப்பதே சிகிச்சை. 2025-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், குழாயின் வால்வு நன்கு திறந்திருந்தவர்களின் நடை மூன்று மாதத்தில் வேகமடைந்தது. ஏறக்குறைய மூடி வைக்கப்பட்டிருந்தவர்களின் நடை அப்படியே இருந்தது.

ஆனால் குழாய் வைத்ததோடு காரியம் முடிந்துவிடாது. யாருக்கு வைப்பது என்பதே பெரிய கேள்வி. முழங்கால் வாதமும் பார்க்கின்சன் நோயும் நடையைக் கெடுக்கும். ஆகவே முதலில் மூளைப் படம். பிறகு முதுகுத்தண்டிலிருந்து 30 முதல் 50 மில்லி லிட்டர் நீரை எடுத்து, எடுக்குமுன்னும் பின்னும் நோயாளியை நடக்கவிட்டு நேரம் குறிக்க வேண்டும். நரம்பு டாக்டர், அறுவை டாக்டர், முதியோர் மருத்துவர், உடற்பயிற்சி தருபவர் எல்லோரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்க வேண்டிய வேலை இது. குழாய் வைத்த பிறகும் அது அடைபடலாம், கிருமி சேரலாம். நீர் அதிகம் வடிந்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசியலாம். வால்வைக் காந்தத்தால் வெளியிலிருந்தே திருத்தும் வகையும் உண்டு. அதற்கும் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும்.

இங்கேதான் தோட்டத்து ஏழை தோற்கிறான். மூளை அறுவை செய்யும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு போன்ற பட்டணங்களில் இருக்கின்றன. தகப்பனைக் கூட்டிப்போகும் மகனுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர் போகிறது. செக்ரோல் எழுதும் நமக்கு அந்தக் கணக்குத் தெரியும். நாலு டாக்டருக்கு நாலு தேதி கொடுத்தால் இரண்டாம் தேதியோடு நின்றுவிடுவார்கள்.

நமது பெரியவர் இப்போது கோலூன்றிக் கடைவரை போய்வருகிறார். மறதி மட்டும் தீரவில்லை. நடை தேறுமளவு நினைவு தேறுவதில்லை. தாமதித்தால் பலனும் குறையலாம் என்கிறார்கள்.

நாம் கேட்பது இவை: இந்நோயாளிகளை எல்லா டாக்டர்களும் ஒரே நாளில், ஒரே இடத்தில் பார்க்கும் கிளினிக், தோட்டத்திலிருந்து அங்கு போய்வர வண்டி, துணைக்குப் போகும் மகனுக்கோ மகளுக்கோ சம்பளம் வெட்டாத லீவு. அடுத்த பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தின் முன் கடைசி இரண்டையும் வைக்க வேண்டும். அதற்குள் கிளைக் காரியதரிசிகள் லயம் லயமாகப் போய், காலை இழுத்து நடக்கும் முதியவர்களை விசாரித்து, சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போகட்டும். அங்கே மூளைப் படத்திற்குக் கடிதம் கேட்கட்டும்.