வழியில்லாப் பொதுநிலம்

ஓர் ஊருக்குப் பொதுவாகக் குளம் ஒன்று உண்டு. அதன் நீர் தெளிந்தது. கரை மரங்கள் நிழல் மிக்கவை. ஆயினும், அக்குளத்தைச் சூழ்ந்த நிலம் முழுவதும் ஒருவருக்கே உரியது. அவர் எவரையும் தம் நிலத்தின் வழியே செல்ல விடுவதில்லை. அந்நிலையில், அக்குளம் பெயரளவில் ஊருடையது. பயனளவில் அவர் ஒருவருடையதே அன்றோ? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பர். ஊரார் நிலையும் அதுவே. இஃது ஓர் உவமை. ஆனால் அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில் இவ்வுவமை உண்மையாகவே நிகழ்கின்றது.

அந்நாட்டின் நிலப்பரப்பில் கால் பங்குக்கு மேல், ஏறத்தாழ 64 கோடி ஏக்கர், நடுவண் அரசின் பொறுப்பில் உள்ளது. மலையும் காடும் புல்வெளியும் பாலையும் அதில் அடங்கும். 1872ஆம் ஆண்டில் அமைந்த எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவும் அதனைச் சேர்ந்ததே. இந்நிலத்தின் பெரும்பகுதியில் மக்கள் உலவலாம். கூடாரம் அடித்துத் தங்கலாம். விதிகளுக்கு உட்பட்டு மீன் பிடிக்கலாம், வேட்டையாடலாம். ஓரடி மண்ணும் சொந்தமாக இல்லாத ஏழைத் தொழிலாளியும் இம்மலைகளுக்கு உரிமையாளன் என்பதே இவ்வேற்பாட்டின் பெருமை.

இப்பெருமைக்கு ஒரு குறை நேர்ந்தது. 1862ஆம் ஆண்டில், கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை அமைக்க விரும்பிய அரசு, பாதை அமைக்கும் நிறுவனங்களுக்கு நிலத்தை மானியமாக வழங்கியது. பாதையின் இருபுறமும் உள்ள நிலத்தை ஒரு மைல் பக்கமுடைய சதுரங்களாகப் பிரித்து, ஒன்றை நிறுவனத்துக்கு அளித்து, அடுத்ததைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒவ்வொரு சதுரமும் 640 ஏக்கர். இருப்புப்பாதை வந்தபின் தன் பங்கின் விலையும் உயரும் என்பது அரசின் கணக்கு. நிறுவனங்கள் பெற்ற சதுரங்கள் பின்னர்ப் பண்ணையாளர் பலரிடம் சென்று சேர்ந்தன. சதுரங்கப் பலகைபோலக் கிடந்த அந்நிலத்தில், பொதுச் சதுரங்கள் ஒன்றையொன்று மூலையில் மட்டுமே தொட்டு நின்றன. 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, மேற்கு மாநிலங்களில் ஏறத்தாழ 95 இலட்சம் ஏக்கர் நடுவண் அரசு நிலத்துக்குச் சட்டப்படியான வழியே இல்லை எனக் கண்டது. மூலையில் மட்டும் தொடும் நிலங்களும் இக்கணக்கில் சேர்ந்தவை.

வயோமிங் மாநிலத்து எல்க் மலைப்பகுதியில் இச்சிக்கல் வழக்காக முற்றியது. 2021ஆம் ஆண்டில், வேட்டைக்கு வந்த நால்வர், இரு பொதுச் சதுரங்கள் கூடும் மூலையில் ஏணி ஒன்றை நிறுத்தினர். ஒரு புறம் ஏறி மறுபுறம் இறங்கினர். தனியார் மண்ணில் ஓர் அடியும் வைத்திலர். எனினும், தம் நிலத்தின் மேலுள்ள வெளியும் தமக்கே உரியது என்று நிலக்கிழார் வாதிட்டார். 2022ஆம் ஆண்டில் நடுவர் குழு அந்நால்வரும் குற்றமற்றவர் என்றது. நிலக்கிழார் தொடுத்த உரிமையியல் வழக்கிலும், 2025 மார்ச்சு மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. பொதுநிலத்தைப் பிறர் அணுகாவண்ணம் வளைத்துக்கொள்வதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டமே அத்தீர்ப்புக்கு அடிப்படை. அவ்வாண்டு அக்டோபரில், உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது.

நிலக்கிழார் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வேலியைச் சிதைப்போரும், கதவைத் திறந்தபடியே விட்டுக் கால்நடைகளை அலையவிடுவோரும், குப்பையைப் போட்டுச் செல்வோரும் உளர். தம் நிலத்தில் பிறர் நுழையாமல் காத்துக்கொள்வது எவருக்கும் உரியதே. தனியார் நிலத்தின் குறுக்கே அரசு தானாகவே சாலை அமைத்தல் கூடாது என 1979ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் கூறியுள்ளது. ஆனால், தம்முடையதைக் காப்பது வேறு. தம்முடையதைக் காட்டிப் பிறருடையதையும் தாமே துய்ப்பது வேறு. முன்னது உரிமை, பின்னது கவர்தல்.

தீர்ப்பு ஒன்றே போதும் என்று எண்ணுதலும் தவறு. அது வயோமிங் உள்ளிட்ட ஆறு மாநிலங்களையே கட்டுப்படுத்தும். மேலும், ஏணி ஏறுதல் இளைஞருக்கு எளிது. முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் அரிது. நிலையான தீர்வு, இசைந்து வழி காண்பதே ஆகும். சிதறிய சதுரங்களை மாற்றிக்கொண்டு ஒன்றாக்கலாம். விற்க விரும்புவோரிடம் நடைபாதை உரிமையை நல்ல விலைக்கு வாங்கலாம். இதற்குப் பொருளும் இல்லாமல் இல்லை. கடலடி எண்ணெய் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 90 கோடி டாலரை நில, நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு உறுதி செய்யும் சட்டம் 2020ஆம் ஆண்டில் நிறைவேறியது. பழைய காகிதங்களில் மறைந்து கிடக்கும் வழியுரிமைகளைத் திரட்டி, யாவரும் காணுமாறு வெளியிடவேண்டும் என 2022ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் விதித்தது. எவருக்கும் தெரியாத உரிமை நாளடைவில் இல்லாத உரிமையாகவே ஆகிவிடும். ஆதலின், இச்சட்டம் சிறிதாயினும் பயன் பெரிது.

பொதுநிலம் என்பது எழுத்தில் மட்டும் வாழும் பொருளன்று. மக்கள் சென்று கண்டு மகிழ்ந்தால்தான் அதன்மேல் அவர்க்கு அன்பு பிறக்கும். அன்பு பிறந்தால்தான் அதனைக் காக்கும் எண்ணம் வளரும். காணாத காடு அழிந்தால் கண்ணீர் விடுவார் யார்? ஆகவே, பொதுநிலத்துக்கு வழி திறப்பது அரசின் கடமை. அவ்வழியே செல்வோர் வேலியை மதித்து, திறந்த கதவை மூடி, சென்ற சுவடன்றி வேறெதுவும் விடாமல் திரும்புவது குடிமக்களின் கடமை. இவ்விரு கடமைகளும் ஒருங்கே நிறைவேறும் நாட்டில்தான் பொதுநிலம் உண்மையில் பொதுவாகும்.