விலைக்கு வாங்கிய வித்தை!



நீலநிற அட்டை, மேலே பொன்னிற எழுத்துக்கள், உள்ளே எண்பது பக்கம். இறுதியாண்டுத் திட்டப்பணி என்று அதற்குப் பெயர். பொறியியல் படிக்கும் பிள்ளை அதைக் கொணர்ந்து தாயிடம் தருகிறான். தறியிலே தேய்ந்த கைகள், எழுத்தறியாத கைகள், மகன் ஆக்கிய மென்பொருள் என்றெண்ணி அந்த அட்டையைத் தடவித் தடவிப் பூரிக்கின்றன.

ஆக்கியவன் அவனா? அல்ல! நகரத்துத் தெருவிலே, 'புராஜெக்ட் சென்டர்' என்று பலகை மாட்டிய மாடியிலே, ஆயிரங்களை எண்ணிக் கொடுத்து வாங்கி வந்த சரக்கு அது. சென்ற ஆண்டு வேறொருவன் பெயர் தாங்கியது; அடுத்த ஆண்டு இன்னொருவன் பெயர் தாங்கும். எல்லாக் கல்லூரியும் இப்படி என்று நான் கூறவில்லை. ஆனால் இப்படி நடக்கும் இடங்களில், தெரிந்தும் கேட்பாரில்லை!

அதே கல்லூரியின் பெரிய மண்டபத்திலே தொழில்முனைவோர் விழா! வேலை தேடாதே, வேலை கொடுப்பவனாகு என்று முழக்கம்! பொன்னாடை, புகைப்படம்! நீச்சலைப் பற்றிச் சொற்பொழிவு உண்டு. குளத்திலே இறங்க மட்டும் இடமில்லை.

சிரித்துவிட்டுப் போகத்தக்க காட்சியா இது? செல்வர் வீட்டுப் பிள்ளை தந்தையின் ஆலையிலே தொழில் பழகுவான். தவறினால் தந்தையின் பணம் தாங்கும். முதலற்ற வீட்டுப் பிள்ளை எங்கே பழகுவான்? தோற்றாலும் கடன்காரன் கதவைத் தட்டாத தொழிற்கூடம் ஒன்றே ஒன்றுதான் அவனுக்கு உண்டு, அது வகுப்பறை. அந்த ஒன்றையும் அல்லவா விழுங்குகிறது அந்த மாடிப்படி!

அமெரிக்காவிலே, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலே 2007-ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்தில் நடந்ததைக் கேளுங்கள். பி.ஜே. ஃபாக் என்பார் ஆசிரியர்களுள் ஒருவர். மாணவர் 75 பேர். அவ்வாண்டு மே மாதத்திலேதான் பேஸ்புக் நிறுவனம், வெளியார் செய்த செயலிகளுக்குத் தன் கதவைத் திறந்திருந்தது. மூவர் மூவராய்ப் பிரிந்த மாணவர்க்கு இடப்பட்ட பணி: செயலி ஒன்று செய்க, மக்களிடம் விடுக, எத்தனை பேர் எடுத்தனர் என்று பார்த்துத் திருத்துக. பத்தே வாரங்களில் 1 கோடியே 60 லட்சம் பேர் அவற்றைப் பயன்படுத்தினர்! விளம்பர வருவாய் வந்தது. சில குழுக்கள் நிறுவனங்களாகவே மாறின. மாளிகை கட்டத் திட்டமிட்டோர் பின்தங்கினர்; குடிசையை விரைந்து போட்டு, வந்தவர் குறை கேட்டு மாற்றியோர் முந்தினர்.

கல்லூரியை இடையிலே விட்டவன் கல்லூரிக்குப் பாடம் சொல்கிறானே என்பார் சிலர். சொல்லட்டும். நாடகம் எழுதுபவனுக்கு இது புதிதன்று. ஒத்திகையிலே நண்பர்கள் கைதட்டிய வசனம், சீட்டு வாங்கி வந்தவன் முன்னே செத்து விழும். அன்றிரவே அதை வெட்டி எழுதியாக வேண்டும். அந்த இரவு, மாடிப்படி ஏறி மென்பொருள் வாங்கியவனுக்கு வாய்ப்பதே இல்லை.

ஆயினும், ஸ்டான்போர்டைக் கண்டு வாய்பிளக்கவும் வேண்டாம். புகழ் பெற்ற அந்தச் செயலிகளில் சில யாவை? நண்பருக்கு முத்தம் அனுப்புவது ஒன்று. அழகுக்கு மதிப்பிடுவது மற்றொன்று! தலைகளை எண்ணினார்கள், தேவையை எண்ணினார்களா? மேலும், விளைந்த நிலம் யாருடையது? பேஸ்புக்குடையது. பின்னாளில் அந்நிறுவனம் அழைப்பும் அறிவிப்பும் பரவும் வழிகளை நெருக்கியபோது, அத்தகைய செயலிகள் பல வாடின. நிலக்கிழார் வரப்பை மாற்றினால் குத்தகைக்காரன் கதி என்ன என்பதைத் தஞ்சைத் தரணியிலே பிறந்தவனுக்கு விளக்கவும் வேண்டுமோ!

எனவே உரிமையும் பாடத்திலே இடம்பெற வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம், படைத்தவருக்கே படைப்பின் உரிமை என்பதைத் தன் கொள்கையாக வைத்திருக்கிறது. பிள்ளை எழுதிய நிரல் பிள்ளைக்கே என்று நம் கல்லூரிகளும் சேர்க்கை நாளன்றே எழுதித் தரலாமே! என்ன தடை?

நம் நாட்டிலும் வழி திறக்கப்பட்டிருக்கிறது. 2022-இல் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் வந்த நிரல் திருவிழா, இறுதியாண்டு மாணவர் முன் மெய்யான சிக்கல்களை வைத்தது. நல்ல தொடக்கம், ஆனால் விழாவாக நின்றுவிடக் கூடாது, வகுப்பாக வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலே நூல் கொடுத்த கணக்கும் கூலி கொடுத்த கணக்கும் ஒத்துப்போகாமல் தவிக்கும் எழுத்தரை அந்த மாணவன் சந்திக்கட்டும். அவன் செய்ததை அவர் பயன்படுத்தட்டும். "இது உதவாது, தம்பி" என்று முகத்துக்கு நேரே சொல்லட்டும். இவன் திருத்தி மீண்டும் வரட்டும். ஆறு மாதம் கழித்து, மாதம் நூறு ரூபாய் கொடுத்தேனும் அதை வைத்துக்கொள்ளச் சங்கம் விரும்புமா என்று கேட்கட்டும். மதிப்பெண்ணை அந்த விடைக்கு இடுங்கள்!

தோழரே, உங்கள் ஊர்ச் சங்கத்திலே, மீன் ஏலக் கூடத்திலே, உழவர் சந்தையிலே இப்படித் தவிக்கும் கணக்கு ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு தாளிலே அதை எழுதுங்கள். அருகிலுள்ள கல்லூரி முதல்வரிடம் நேரில் கொடுங்கள். விடை வரவில்லையெனில், மறுவாரம் மீண்டும் செல்லுங்கள்.