அக்கரைச் சட்டம் அறியாத மாணவர்

அயல்நாட்டுச் சட்டம் என்று பேச்செடுத்ததும் நம் சட்டக் கல்லூரி மாணவரின் உள்ளம் இலண்டனுக்குப் பறக்கிறது. அங்கு அலுத்துவிட்டால் வாஷிங்டனில் போய் அமர்கிறது. 1803ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைமை நீதிபதி மார்ஷல், மார்பரி வழக்கில் என்ன தீர்ப்பளித்தார் என்பதை அவர் தடையின்றிச் சொல்வார். ஸ்காட்லாந்தில் ஓர் அம்மையார் அருந்திய இஞ்சிப் பானப் புட்டியில் கிடந்ததாகச் சொல்லப்பட்ட நத்தையின் வரலாறும், அதன்மேல் 1932இல் பிறந்த தீர்ப்பும் அவருக்கு மனப்பாடம். நல்லது, அவற்றை அறிவதை நாம் குறை கூறவில்லை. ஆனால் தனுஷ்கோடியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் வருகின்ற தலைமன்னாரில், கணவன் கைவிட்ட முஸ்லிம் பெண்ணொருத்தி எந்த மன்றத்தின் படியேறுகிறாள் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். விழிப்பார். நத்தையைத் தெரிந்தவருக்கு அண்டை வீட்டுப் பெண்ணைத் தெரியவில்லை.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கொழும்பு வாணிகத்தோடு தொடர்பில்லாத பழங்குடும்பத்தைத் தேடித்தான் காண வேண்டும். அக்கரையில் வாழும் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் பேசுவது நம் தமிழ். பின்பற்றுவது நம் கடலோர மக்களுள் பலர் பின்பற்றும் அதே ஷாபிஈ மத்ஹப். இவ்வளவு நெருக்கமே நம்மை ஏமாற்றுகிறது. "ஷரீஅத் ஒன்றுதானே, இங்கும் அதுவே, அங்கும் அதுவே, தனியாகக் கற்க என்ன இருக்கிறது?" என்று நம் பெரியவர்கள் சிலரே கேட்கின்றனர். மார்க்கத் தீர்ப்பு ஒன்றாக இருக்கலாம். ஆனால் அதை யார் கேட்டு, யார் எழுதி, யார் நிறைவேற்றுகிறார் என்பதை அரசின் சட்டமன்றோ முடிவு செய்கிறது? அதில் இரு கரைகளுக்கும் இடையே கிடப்பது கடலினும் அகலமான இடைவெளி.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். இங்கே காஜி என்கிறோம். அங்கே காதி என்கின்றனர். அரபு மூலம் ஒன்றுதான். இங்குள்ள காஜியாரை நியமிக்க வழிசெய்யும் 1880ஆம் ஆண்டுச் சட்டமே, அவருக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ இல்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டது. தலாக் குறித்துக் காஜி தரும் சான்றிதழ் ஒரு கருத்தேயன்றிச் சட்ட வலிமை உடையதன்று என்று சென்னை உயர்நீதி மன்றம் 2017இல் கூறியதும் நினைவிருக்கலாம். அக்கரைக் காதியாரோ நீதிபதி. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அவரிடம் வழக்கைக் கேட்கும் பொறுப்பையும், ஜீவனாம்சத்திற்கு ஆணையிடும் அதிகாரத்தையும் தந்தது. அவர் தீர்ப்பு பிடிக்காவிட்டால் காதிகள் சபைக்கு மேல்முறையீடு. அதற்கும் மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம். கணவன் தலாக் கூற விரும்பினால் காதிக்கு அறிவிக்க வேண்டும். அவர் சமரசத்துக்கு முயல வேண்டும். மனைவி பஸஹ் கேட்டால், காதியோடு மூன்று முஸ்லிம் மதிப்பீட்டாளர்கள் அமர்ந்து கேட்பர். இங்குள்ள பெண்ணோ அதே மணமுறிவுக்கு, 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொது நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்து வழக்காட வேண்டியவள். அங்கே காதியின் முன் வழக்கறிஞர் தோன்றவே அந்தச் சட்டம் இடமளிக்கவில்லை. வழக்கறிஞராகப் போகின்ற மாணவர்க்கு இந்த ஒரு செய்தியே போதும், ஒரு வாரம் தூக்கம் கெட!

இன்னொரு சொல் நம்மைச் சுடும் சொல். கைக்கூலி. நம்மிடையே அது மணமகன் வீட்டார் வாங்குவது. வாங்கியபின் அதற்குக் கணக்கில்லை. இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் அதை வாங்குவதையும் குற்றமாக்கியது, கொடுப்பதையும் குற்றமாக்கியது. அதே சட்டம், வாங்கிய பொருள் பெண்ணுக்கே சேர வேண்டும் என்றும் ஒரு பிரிவில் சொல்கிறது. ஆனால் கொடுத்தவரும் குற்றவாளி என்று ஆனபின், எந்தத் தந்தை "நான் இவ்வளவு கொடுத்தேன்" என்று வாய்திறப்பார்? இலங்கைச் சட்டம் வேறு வழியில் நடந்தது. தடை செய்வதாக அது மார்தட்டவில்லை. கைக்கூலி என்ற தமிழ்ச் சொல்லை அப்படியே ஆங்கிலச் சட்டத்தில் எழுதி வைத்து, மணமகளின் பயனுக்காக மணமகனிடம் தரப்படும் பணம் அல்லது அசையும் பொருள் என்று அதற்கு இலக்கணமும் கூறிற்று. அவளுக்காகத் தந்ததாயின் அது அவளுடையது. காதியிடம் சென்று அவள் அதைத் திரும்பக் கேட்கலாம். மணப் பதிவிலேயே மஹரோடு கைக்கூலியும் எழுதப்பட்டால், பின்னாளில் மறுப்பதற்கு வழியில்லை.

எது மேல்? கைக்கூலியைச் சட்டத்தில் எழுதுவதே அதற்கு மரியாதை தருவதாகும் என்று ஒரு மாணவர் வாதிடலாம். எழுதாமல் விட்டதால் நம் பெண்கள் வெறுங்கையோடு திரும்புகின்றனர் என்று இன்னொருவர் வாதிடலாம். நம் எண்ணம் பின்னவர் பக்கமே சாய்கிறது. ஆனால் அந்த வாதம் நடக்க வேண்டிய வகுப்பறை இருக்கிறதா என்பதே நம் வழக்கு.

"ஏற்கெனவே பாடச்சுமை அதிகம், வேலைக்கு உதவாத இதை ஏன் திணிக்கிறீர்கள்?" என்பார் உளர். இவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நத்தை எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என்று கேட்டால் போதும்.

நாம் அஞ்சுவது வேறொரு கூட்டத்தாருக்கு. அவர்கள் அயல்நாட்டுச் சட்டத்தை அறிந்தவர்போல் பேசுகிறவர்கள். துனீசியா 1956இல் பலதார மணத்தைத் தடுத்தது, பாகிஸ்தான் 1961இல் அவசரச் சட்டம் கொண்டுவந்தது, எனவே நீங்களும் மாறுங்கள் என்று மேடைக்கு மேடை பட்டியல் படிக்கின்றனர். எதிர் மேடையில் நம்மவரோ பட்டியலைக் கிழித்தெறிந்துவிட்டு, அந்நாடுகள் எல்லாம் வழிதவறின என்று ஒரே மூச்சில் முடிக்கின்றனர். 2017இல் உச்சநீதி மன்றம் முத்தலாக்கைச் செல்லாதென அறிவித்த தீர்ப்பிலும் நாடுகளின் சட்டங்கள் வரிசையாக எடுத்துக்காட்டப்பட்டன. பட்டியல் அறிமுகமாகாது. ஒரு நாட்டில் இன்ன பிரிவு இருக்கிறது என்பதை அது சொல்லும்; அந்தப் பிரிவைக் கையில் பிடித்துக்கொண்டு ஏழைப் பெண் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்பதைச் சொல்லாது.

இலங்கையையே பாருங்கள். பிரிவுகளை மட்டும் படித்தால் காதி மன்றம் பொற்காலமாகத் தோன்றும். முழுவதும் படிக்கும் மாணவர் வேறொன்றையும் காண்பார். அந்த 1951ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம் ஆணை மட்டுமே காதியாக்கியது. திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. வலீயின் ஒப்பமே போதுமென விட்டது. மண வயதுக்குக் கீழ் வரம்பு வைக்காமல், 12 வயது நிரம்பாத சிறுமிக்கு மட்டும் காதியின் அனுமதி வேண்டும் என்றது. இவற்றைச் சீர்திருத்த 2009இல் நீதிபதி சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அறிக்கை 2018இல்தான் வந்தது. அப்போதும் உறுப்பினர் ஒருமனப்படவில்லை. இரு பிரிவாகப் பிரிந்தே கருத்துரைத்தனர். ஒன்பது ஆண்டுகள்! அந்த இரு தரப்பினரும் குர்ஆனையும் ஹதீஸையும் ஃபிக்ஹையும் கொண்டே வாதிட்டனர். இதைவிடச் சிறந்த பாடநூலை எந்தப் பல்கலைக் கழகம் எழுதித் தரப்போகிறது?

நம் மாணவர் அங்கே உடனடியாக ஒரு கேள்வி எழுப்புவார்: "பாதிக்கப்பட்ட பெண் உச்சநீதி மன்றம் சென்று, இது அடிப்படை உரிமைக்கு முரண் என்று வழக்கிட்டால் என்ன?" இந்தியாவில் பிறந்த கேள்வி இது. நம் அரசமைப்பின் 13ஆவது விதி, அடிப்படை உரிமைக்கு ஒவ்வாத பழைய சட்டங்களைச் செல்லாதவை ஆக்குகிறது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசமைப்பிலோ 16ஆவது விதி, அன்றிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரண்பட்டாலும் செல்லும் என்று கூறிற்று. எனவே இங்கே நீதிமன்றத்தில் திறந்த கதவு அங்கே மூடிக்கிடந்தது. பாராளுமன்றத்தின் கதவையே தட்ட வேண்டியிருந்தது. சீர்திருத்தம் ஏன் நீதிபதியின் மேசைக்குப் போகாமல் குழுக்களில் அலைந்தது என்பது இந்த ஒரு விதியைப் படித்தால் விளங்கிவிடும். தன் நாட்டுச் சட்டத்தின் அளவுகோலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அடுத்த நாட்டை அளக்கின்ற வழக்கம், இப்படி ஓரிடத்தில் அடிபட்டால்தான் போகும்.

சட்டங்களின் அடுக்கை மட்டும் விரித்தாலே வகுப்பு நிரம்பிவிடும். டச்சுக்காரர் கொண்டுவந்த ரோமன்-டச்சுச் சட்டம் ஹாலந்திலேயே 19ஆம் நூற்றாண்டில் மறைந்தது. இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் அது உயிரோடிருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழர்க்கு 1707இல் தொகுத்த தேசவழமை, மலைநாட்டுச் சிங்களவர்க்குக் கண்டிச் சட்டம், கொழும்பு முஸ்லிம்களுக்காக 1806இல் எழுதி 1852இல் தீவு முழுமைக்கும் விரித்த விதித்தொகுப்பு என ஒரு சிறு தீவில் இத்தனை. ஆனால் வகுப்பை இங்கே தொடங்கக்கூடாது. வரலாற்றில் தொடங்கினால் மாணவர் மூன்றாம் நாள் வரமாட்டார்.

ஒரு வழக்கில் தொடங்கலாம். காயல்பட்டினத்துப் பெண் ஒருத்தி கொழும்பில் வாழ்க்கைப்பட்டு, நான்காண்டில் கைக்கூலியும் நகையும் அங்கேயே கிடக்க, கைக்குழந்தையோடு தாய்வீடு வந்துவிட்டாள் என்று கொள்வோம். 1951ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கை வாசிகளான முஸ்லிம்களுக்கே பொருந்தும் என்கிறது. அவள் வாசியா, விருந்தாளியா? அவள் தந்தை எந்த ஊர் மன்றத்துக்குக் கடிதம் எழுத வேண்டும்? அந்தப் பணத்தைக் கொடுத்ததாக அவர் இங்கே ஒப்புக்கொண்டால் அவர்மீதே வழக்கு வருமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடி ஒரு மாணவர் இரு நாட்டுச் சட்டங்களையும் தீர்ப்புகளையும் புரட்டட்டும். அவ்வளவும் ஆங்கிலத்தில் கிடைப்பவை, காசும் அதிகமாகாது.

சட்டக் கல்லூரிகள் பாடத்திட்டத்தை மாற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சென்னைப் புதுக் கல்லூரியும் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் 1951இல், அக்கரையில் அந்தச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், நம் சமுதாயம் எழுப்பியவை. ஒரு பருவத்துக்கு ஆறு சனிக்கிழமை மாலைகள், ஓர் இலங்கை வழக்கறிஞர், முன்பு காதியாக இருந்த ஒருவர், இரு கரைகளிலும் வழக்கு நடத்திய பெண்கள் இருவர் என ஏற்பாடு செய்ய அவற்றின் மண்டபங்களுக்கு வசதி உண்டு. சட்டம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்கும் ஜமாஅத்துகள், மதிப்பெண் பட்டியலைக் கேட்கும்போது அந்த ஆறு மாலைகளுக்கு வந்தாயா என்றும் கேட்கட்டும்.