டாரட் எகிப்திலிருந்து வரவில்லை

பேத்தி ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். மந்திரம், மாய வித்தை இவற்றின் வரலாறு, ஆரம்ப வாசகர்களுக்கு என்று அட்டையில் போட்டிருந்தது. டாரட் சீட்டுகள் எகிப்தியப் பூசாரிகள் விட்டுச்சென்ற ரகசிய ஞானமாம். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம்.

சிரிப்புக்குக் காரணம் என் சித்தப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக அல்ஜீரியாவில் இருந்துவிட்டு 1962க்குப் பிறகு புதுச்சேரி திரும்பியவர். பெட்டியில் ஒரு 'தாரோ' கட்டு கொண்டுவந்தார் (பிரெஞ்சில் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவோம்). நாலு ஜாதிக்கு 14 வீதம் 56 சீட்டு, துருப்பு 21, கோமாளி ஒன்று, ஆக 78. ஞாயிறு மதியம் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்தால் தெருவே அதிரும். எதிர்காலம் யாரும் பார்க்கவில்லை. தோற்றவர் காபி வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான்.

அது விளையாட்டாகத்தான் பிறந்தது. 1440களில் வட இத்தாலியின் பிரபு வீடுகளில் ஆடிய சீட்டு. சுமார் 340 ஆண்டு கழித்து, 1781இல், பாரிஸில் கூர் த ழெபெலன் என்ற அறிஞர் அதைப் பார்த்து, இது எகிப்தியரின் நூல் என்று எழுதிவிட்டார். ஆதாரம்? ஒன்றுமில்லை. ஷாம்போலியோன் எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டதே 1822இல்தான்! ழெபெலனுக்குப் பிறகு எத்தெய்யா குறிசொல்லக் கட்டு அச்சடித்தார். 1850களில் எலிஃபாஸ் லெவி 22 சீட்டை எபிரேய மொழியின் 22 எழுத்தோடு முடிச்சுப் போட்டார். ஆக்ஸ்போர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980லேயே ஒரு தடித்த புத்தகத்தில் இந்தக் கதையை உடைத்துக் காட்டிவிட்டார். ஆனாலும் அறிமுக நூல் எழுதுகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

எனக்கு மாய வித்தையின் வரலாறு மீது வெறுப்பில்லை. ஒரு சீட்டாட்டம் எப்படி வேதமானது என்பது எவ்வளவு சுவையான கதை! அதைத்தானே எழுத வேண்டும்? மந்திரவாதி தன்னைப் பற்றிச் சொன்னதையே வரலாறு என்று அச்சடிப்பது வேறு சங்கதி. முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். தேதி இல்லாத மனுவை மேசையில் வைக்க விட்டதில்லை.

"நம்பினால் என்ன தாத்தா, யாருக்கு நஷ்டம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பேத்திக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அந்தப் புத்தகத்தை நம்பி ஒரு சீட்டுக்காரரிடம் 1,500 ரூபாய் கொடுத்துக் கேட்டாள். சரியில்லாத சீட்டு விழுந்ததாம். யோசித்துக்கொண்டே இருந்தாள், சேர வேண்டிய தேதி போய்விட்டது.

ஆரம்ப வாசகருக்கென்று எழுதுகிறவருக்குத்தான் பொறுப்பு அதிகம். விஷயம் தெரிந்தவன் பிழையைக் கண்டுபிடித்துவிடுவான், புதிதாகப் படிக்கிறவன் அதை அப்படியே வாங்கிக்கொள்வான்.

புத்தகத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் 1440, 1781, 1822 என்று மட்டும் எழுதி.